பெங்களூரு ஆயாக்கள் வேலைக்குப் போகும் வழி

பெங்களூரில் குழந்தை பார்த்துக்கொள்வது கூலி வேலையாக உருவானது கண்டோன்மென்ட்டில்தான். 1809-இல் ஆங்கிலேயர் அல்சூர் ஏரிப் பக்கம் படை நிலையத்தை நிறுவினார்கள். கோட்டையும் பேட்டையுமாக இருந்த பழைய ஊருக்குக் கிழக்கே இன்னொரு ஊர் எழுந்தது. மெட்ராஸ் படைகளைத் தொடர்ந்து வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து தமிழர்கள் வந்து குடியேறினார்கள். ஒரு பங்களாவை நடத்தச் சமையல்காரர், பட்லர், குதிரைக்காரர், வண்ணார், தோட்டக்காரர் எனப் பெரிய கூட்டமே தேவைப்பட்டது. அந்தக் கூட்டத்தில் பெண்ணுக்கென்று இருந்த முக்கியமான இடம் ஆயா வேலை. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பேட்டைப் பக்கத்து நகரில் சுமார் 69,000 பேர் இருந்தார்கள். கண்டோன்மென்ட் பகுதியில் ஏறத்தாழ 90,000 பேர். சிப்பாய்களும் வேலையாட்களும் வியாபாரிகளும் சேர்ந்து உண்டாக்கிய ஊர், ராஜாவின் ஊரைவிடப் பெரிதாகிவிட்டது.

அந்தக் காலத்து ஆயாவுக்கு வேலைக்குப் போகும் வழி என்று ஒன்று கிடையாது. பங்களாவின் பின்புறத்தில், சமையலறைக்கும் குதிரை லாயத்துக்கும் பக்கத்தில், வரிசையாகச் சிறு அறைகள் இருக்கும். அதில் ஒன்றில் அவர் குடியிருந்தார். தொட்டிலுக்கும் அவர் பாய்க்கும் நடுவே ஒரு முற்றம்தான். தூரம் இல்லாததால் நேரமும் இல்லாமல் போனது: குழந்தை எப்போது அழுகிறதோ அப்போது வேலை. காய்ச்சல் கண்ட குழந்தையோடு இரவு முழுக்க விழித்திருப்பது வேலையின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது. அதற்குத் தனிக் கூலி இல்லை.

இந்த ஆயாக்களில் சிலர் மேற்கொண்ட பயணமோ, இன்றைய எந்தப் பயணத்தையும்விட நீளமானது. ஊருக்குத் திரும்பும் துரைசானிகள் கப்பலில் குழந்தைகளைக் கவனிக்க ஆயாவை உடன் அழைத்துப் போவார்கள். 1864-இல் ஜோலார்பேட்டை வழியாக வந்த ரயில் பாதை பெங்களூரு கண்டோன்மென்ட் நிலையத்தை எட்டிய பிறகு, மெட்ராஸ் துறைமுகம் போவது எளிதாயிற்று. அங்கிருந்து லண்டன். கரை இறங்கியதும் பல ஆயாக்களின் வேலை முடிந்துவிடும். திரும்பி வர யாராவது இந்தியாவுக்குப் புறப்படும் குடும்பம் வேண்டும். அதுவரை தங்க லண்டனில் ஆயாக்களுக்கென்றே ஒரு விடுதி இயங்கியது. முதலில் ஆல்ட்கேட்டிலும், 1900 முதல் ஹாக்னியிலும் இருந்தது அது. 2022-இல் அந்த ஹாக்னிக் கட்டடத்துக்கு நீல நிற நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. போகும் வழிக்கு எஜமானர் பொறுப்பு, திரும்பும் வழிக்கு யாரும் பொறுப்பில்லை என்ற வழக்கம் அன்றே தொடங்கிவிட்டதை அந்த விடுதி காட்டுகிறது.

பங்களாவுக்குள் இடம் கிடைக்காதவர்கள் பிளாக்பள்ளியிலும் (பிற்காலச் சிவாஜிநகர்) அல்சூரிலும் நெருக்கமான சந்துகளில் குடியிருந்தார்கள். 1898-இல் பிளேக் வந்து அந்தச் சந்துகளை உலுக்கியது. நெரிசலைக் குறைக்க ஃபிரேசர் டவுன் போன்ற புதிய குடியிருப்புகள் அகலமான தெருக்களோடு அமைந்தன. வசதியுள்ளவர்கள் அங்கே போனார்கள். வீட்டு வேலைக்காரர்கள் பழைய இடத்திலிருந்து அங்கே நடந்தார்கள். பெங்களூரு ஆயா வீட்டிலிருந்து கிளம்பி வேலைக்கு நடக்கத் தொடங்கியது ஏறக்குறைய இந்தக் காலத்தில்தான். மெட்ராஸில் 1895-இலேயே மின்சார டிராம் ஓடியது. பெங்களூரில் டிராம் வரவே இல்லை. ஜட்கா வண்டி இருந்தது. ஆனால் ஆயாவின் சம்பளம் ஜட்கா ஏறும் சம்பளம் அல்ல. நகரப் பேருந்து ஒழுங்காக ஓடத் தொடங்கியது 1940-இல், பெங்களூரு டிரான்ஸ்போர்ட் கம்பெனி வந்த பிறகுதான். அதுவரை நடைதான்.

சுதந்திரத்துக்குப் பிறகு பங்களா உலகம் கலைந்தது. 1949-இல் கண்டோன்மென்ட்டும் பழைய நகரமும் ஒரே மாநகராட்சியாக இணைந்தன. ஆங்கிலேயர் போனார்கள், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல கப்பலேறின, பெரிய வளவுகள் துண்டு துண்டாக விற்கப்பட்டன, பின்கட்டு அறைகள் இடிந்தன. ஆயா வேலை மட்டும் அழியவில்லை. எஜமானர் மாறினார். அரசு அதிகாரி, டாக்டர், பேராசிரியர், பொதுத்துறை என்ஜினீயர் ஆகியோரின் வீடுகளுக்கு அவர் போக ஆரம்பித்தார். ஜெயநகரும் ராஜாஜிநகரும் எழுந்த காலம் அது. பின்னால் இந்திராநகர், கோரமங்கலா.

இதே காலத்தில் பெங்களூரு தன் தொழிலாளிகளுக்கு வண்டி ஏற்பாடு செய்யக் கற்றுக்கொண்டது. 1940-இல் ஹெச்ஏஎல், 1948-இல் ஐடிஐ, 1953-இல் ஹெச்எம்டி, 1954-இல் பிஇஎல் என்று பெரிய ஆலைகள் ஊருக்கு வெளியே அமைந்தன. அவ்வளவு தூரம் ஆட்களைக் கொண்டு சேர்ப்பது நிர்வாகத்தின் பொறுப்பு என்பது கேள்வியின்றி ஏற்கப்பட்டது. தெருமுனையில் கம்பெனி பஸ் நிற்கும் நேரத்தை வைத்துப் பல வீடுகளில் கடிகாரத்தைச் சரிசெய்தார்கள். பிற்காலத்தில் ஆயத்த ஆடை ஆலைகள் வந்தபோது வேன்கள் ஓடின. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் வந்தபோது பஸ்ஸும் காரும் வாசலுக்கே வந்தன. இரவுப் பணிக்குப் பெண்களை அழைக்கும் ஐடி நிறுவனம் அவர்களுக்குப் போக்குவரத்து ஏற்பாடு செய்தாக வேண்டும் என்று மாநில விதியே சொன்னது. ஆலைத் தொழிலாளி, தையல் தொழிலாளி, கணினித் தொழிலாளி மூவருக்கும் ஏதோ ஒரு வகையில் வண்டி கிடைத்தது. அவர்கள் வேலைக்குக் கிளம்பத் தங்கள் பிள்ளையை யாரிடம் விட்டார்களோ, அந்தப் பெண்ணுக்கு மட்டும் இந்த ஊர் ஒருபோதும் வண்டி விட்டதில்லை.

அறுபதுகள் முதல் தொண்ணூறுகள் வரை அது பெரிய குறையாகத் தெரியாததற்குக் காரணம் உண்டு. புதிய லேஅவுட் ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு பழைய கிராமமோ குடிசைப் பகுதியோ ஒட்டிக்கொண்டிருந்தது. கோரமங்கலாவுக்கு ஈஜிபுராவும் ஜக்கசந்திராவும் பக்கம். பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் வேலை வீடு. காலையில் ஒரு வீட்டில் குழந்தையைக் குளிப்பாட்டி, பக்கத்து வீட்டில் பாத்திரம் தேய்த்து, மதியம் தன் குடிசைக்கு ஓடிவந்து தன் பிள்ளைக்குச் சோறு போட்டு, மறுபடி போகலாம். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் அரைமணி நேரத்தில் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம். சம்பளம் குறைவாக இருந்தபோதும் அந்தக் குடும்பங்கள் நின்று பிழைத்தது இந்த அருகாமையால்தான். குடிசைப் பகுதிகளை அகற்றத் திட்டமிட்டவர்கள் கூரையை எண்ணினார்கள், குழாயை எண்ணினார்கள்; இந்தப் பத்து நிமிட நடையை எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை.

வேலைக்காரப் பெண்களை அமைப்பாகத் திரட்டும் முயற்சி எண்பதுகளில் தொடங்கியது. சென்னையில் பிறந்து பெங்களூரில் பணியாற்றிய ரூத் மனோரமா, 1985-இல் தொடங்கிய விமன்ஸ் வாய்ஸ் அமைப்பின் வழியே குடிசைப் பகுதிப் பெண்களையும் வீட்டு வேலையாட்களையும் ஒன்று சேர்த்தார். 2006-இல் அவருக்கு ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. ஸ்த்ரீ ஜாக்ருதி சமிதி போன்ற அமைப்புகளும் இதே களத்தில் உழைத்தன. இந்தப் போராட்டங்களின் விளைவாக 2004-இல் கர்நாடக அரசு வீட்டு வேலைக்குக் குறைந்தபட்ச ஊதியம் அறிவித்தது. நாட்டில் இதைச் செய்வதில் கர்நாடகம் முன்னோடி. ஆனால் அந்த ஊதியம் வேலை வீட்டுக்குள் கழியும் நேரத்துக்கே. பஸ் நிறுத்தத்தில் கழியும் ஒரு மணி நேரம் அதில் இல்லை. அறிவிப்பு வந்த ஆண்டுகளில்தான் அந்த ஒரு மணி நேரம் இரண்டாக வளரத் தொடங்கியது.

2007-இல் பெருநகரப் பெங்களூரு மாநகராட்சி உருவானபோது ஏழு நகராட்சிகளும் ஒரு பேரூராட்சியும் நூற்றுக்கு மேற்பட்ட கிராமங்களும் நகருக்குள் வந்தன. 226 சதுர கிலோமீட்டராக இருந்த பரப்பு 700-ஐத் தாண்டியது. மாரத்தஹள்ளி, பெல்லந்தூர், சர்ஜாபுரா சாலை, ஒயிட்ஃபீல்டு எல்லாம் அடுக்குமாடிகளால் நிறைந்தன. இங்கே ஓரத்தில் ஒட்டிக்கொள்ளப் பழைய குடிசைப் பகுதிகள் இல்லை. வடகர்நாடகத்திலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்தவர்கள் காலி மனைகளில் தகரக் கொட்டகை போட்டு வாடகைக்கு இருந்தார்கள். அடுக்குமாடிக்குப் பக்கத்தில் இருக்க அவர்களுக்குக் கிடைத்த ஒரே வழி அது. அதுவும் நிலையற்றது: 2020 ஜனவரியில் பெல்லந்தூர் அருகே கரியம்மன அக்ரஹாராவில் அப்படிப்பட்ட கொட்டகைகள் இடிக்கப்பட்டன. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது.

இடிப்புக்கும் தூரத்துக்கும் உள்ள உறவை மிகத் தெளிவாகக் காட்டியது ஈஜிபுரா. கோரமங்கலாவை ஒட்டி, ஏழைகளுக்கென்று மாநகராட்சி தொண்ணூறுகளில் கட்டிய அடுக்குக் குடியிருப்பு அது. கட்டுமானம் தாங்கவில்லை, சில பிளாக்குகள் இடிந்து விழுந்தன. குடியிருந்தவர்கள் அதே நிலத்தில் தகரக் கொட்டகைகளில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். தமிழர்கள், தலித்துகள், முஸ்லிம்கள் அதிகம். பெண்களில் பெரும்பாலோர் கோரமங்கலா வீடுகளில் வேலை செய்தார்கள். 2013 ஜனவரியில் சில நாட்களுக்குள் புல்டோசர்கள் அந்தக் கொட்டகைகளைத் தரைமட்டமாக்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. நிலத்தின் ஒரு பகுதியில் ஏழைகளுக்கு வீடும் மறு பகுதியில் வணிக வளாகமும் கட்டுவது திட்டம். மாற்று இடமாகச் சொல்லப்பட்டது சர்ஜாபுரா சாலைக்கு அப்பால், சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சூலிகுண்டே. பலர் அங்கே போக மறுத்து, இடிந்த இடத்துக்கு எதிரே நடைபாதையிலேயே படுத்தார்கள். அதை வெறும் பிடிவாதம் என்று நினைத்தவர்கள் உண்டு. ஒரு எளிய கணக்குப் போட்டிருந்தால் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள். கோரமங்கலாவில் காலை ஏழு மணிக்குக் குழந்தை எழும். அதற்குள் அங்கே நிற்க, சூலிகுண்டேயிலிருந்து ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். அந்நேரத்துக்கு அங்கிருந்து பஸ் இல்லை. வீடு கிடைக்கிறது, வேலை போகிறது. நடைபாதையில் படுத்தால் வீடு இல்லை, வேலை இருக்கிறது. அந்தப் பெண்கள் வேலையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆயா வேலைக்கும் பிற வீட்டு வேலைகளுக்கும் நடுவே ஒரு வேறுபாடு உண்டு. பயணத்தின் கடுமை அதில்தான் இருக்கிறது. பாத்திரம் தேய்ப்பவர் அரைமணி நேரம் தாமதமானால் பாத்திரம் காத்திருக்கும். குழந்தை பார்ப்பவர் தாமதமானால் அப்பா அம்மா இருவருமே வாசலைத் தாண்ட முடியாது. ஆகவே காலையில் அவர் வரவேண்டிய நேரத்தை நிர்ணயிப்பது அந்த வீட்டுக்காரர்களின் அலுவலகம். மாலையில் அவர் கிளம்பும் நேரத்தையும் அவர்களே தீர்மானிப்பதில்லை. சில்க் போர்டு சந்திப்பின் நெரிசல் தீர்மானிக்கிறது. ஏழு மணிக்கு வரவேண்டிய தாய் எட்டேகாலுக்கு வந்தால், ஆயாவின் கடைசி நேரடிப் பேருந்து போய்விடும். அதன்பின் இரண்டு பஸ் மாறி, நடுவில் ஒரு ஷேர் ஆட்டோ பிடித்து, ஒன்பதரைக்கு வீடு. காலை நெரிசலில் ஒருமுறை, மாலை நெரிசலில் இருமுறை — ஒன்று தான் சிக்கியது, மற்றது அந்தத் தாய் சிக்கியது — என்று மூன்று பயணத்தின் பாரம் ஒரு பெண்ணின் நாளில் விழுகிறது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-இல் நிறைவேற்றிய 189-ஆம் உடன்பாடு இந்தக் காத்திருப்பைக் கவனித்திருக்கிறது. வீட்டுத் தொழிலாளி தன் விருப்பப்படி செலவிட முடியாமல் அந்த வீட்டுக்காகக் காத்திருக்கும் நேரத்தையும், ஒவ்வொரு நாட்டின் சட்டமும் வரையறுக்கும் அளவுக்கு, வேலை நேரமாகக் கொள்ள வேண்டும் என்கிறது அது. இந்தியா அந்த உடன்பாட்டை இன்னும் ஏற்று உறுதிசெய்யவில்லை.

அடுக்குமாடி வாசலுக்கு வந்து சேர்வதோடும் வழி முடிவதில்லை. பெரிய வளாகங்களில் காவலாளியின் மேசையில் வீட்டு வேலையாட்களுக்குத் தனிப் பதிவு இருக்கிறது. முன்பு பேரேடு, இப்போது கைபேசிச் செயலி. எண்ணை அழுத்தியதும் வீட்டுக்காரரின் கைபேசியில் மணி அடிக்கும்: ஆள் உள்ளே வந்தாயிற்று, நேரம் 8.07. பையைத் திறந்து காட்டுவது, வேலையாட்களுக்கென்று ஒதுக்கிய லிஃப்டுக்கு வரிசையில் நிற்பது, பிறகு பதினாலாவது மாடி. அந்த ஏழு நிமிடத் தாமதம் மாதக் கடைசியில் சம்பளப் பேச்சில் வரும். பஸ் நாற்பது நிமிடம் வரவில்லை என்பது எந்தச் செயலியிலும் பதிவாவதில்லை.

பேருந்துத் தடங்களின் அமைப்பும் இந்தப் பெண்களுக்குச் சாதகமாக அமையவில்லை. 1956-இல் நகரப் பேருந்து அரசுடைமையாகி பெங்களூரு டிரான்ஸ்போர்ட் சர்வீஸ் ஆனது. 1961-இல் மாநிலப் போக்குவரத்துக் கழகத்தோடு சேர்ந்தது. 1997-இல் மீண்டும் பிரிந்து பெங்களூரு மாநகரப் போக்குவரத்துக் கழகமாக, மக்கள் வாயில் பிஎம்டிசியாக, நின்றது. எல்லாக் காலத்திலும் தடங்கள் மெஜஸ்டிக், மார்க்கெட், சிவாஜிநகர் ஆகிய மூன்று முனைகளை நோக்கியே ஓடின. அரசு அலுவலகத்துக்கும் கடைத்தெருவுக்கும் போகிறவர்களுக்கு அது சரி. ஒரு புறநகரிலிருந்து இன்னொரு புறநகருக்குக் குறுக்கே போகிற வேலைக்காரப் பெண்ணுக்கு அது சுற்று வழி: நடு ஊருக்குப் போய், இறங்கி, மாறி, மறுபடி வெளியே வர வேண்டும். வெளிவட்டச் சாலை வந்து அதில் 500 வரிசைத் தட எண் கொண்ட பேருந்துகள் ஓடத் தொடங்கியபோது நிலைமை ஓரளவு தேறியது. ஹெப்பாளிலிருந்து சில்க் போர்டு வரை இறங்காமல் போகலாம். அந்தச் சாலையில் இறங்கி உள்ளே இருக்கும் அடுக்குமாடி வரை போகும் கடைசி இரண்டு கிலோமீட்டருக்குத்தான் இன்றைக்கும் நடையோ ஷேர் ஆட்டோவோ.

கட்டணம் இன்னொரு சுமை. 2006-இல் குளிர்சாதன வோல்வோ பேருந்துகள் வந்தன. அவை ஐடி ஊழியர்களைக் காரிலிருந்து இறக்கக் கொண்டுவந்தவை. குடிசைப் பகுதிகளிலிருந்து குறைந்த கட்டணத்தில் அடல் சாரிகே என்ற சேவையை 2009-இல் தொடங்கினார்கள்; அது சில தடங்களோடு நின்றது. சாதாரணப் பேருந்தின் கட்டணமோ, நாட்டின் பெருநகரங்களில் மிக அதிகமானவற்றுள் ஒன்றாக ஏறிக்கொண்டே போனது. 2013-இல் உருவான பெங்களூரு பஸ் பயணிகள் மன்றம் இதை எதிர்த்துக் குரல் எழுப்பியது. ஆடை ஆலைப் பெண்களும் வீட்டு வேலைப் பெண்களும் அந்தப் பிரசாரத்தில் முன்னே நின்றார்கள். மூன்று நிறுத்தக் காசு மிச்சம் பிடிக்க முன்னாலேயே இறங்கி நடப்பது அவர்களுக்குப் பழகிய சங்கதி.

இந்தப் பின்னணியில்தான் சக்தி திட்டத்தின் எடையை உணர முடியும். 2023 ஜூன் 11 அன்று கர்நாடகம் முழுக்கப் பெண்களுக்குச் சாதாரணப் பேருந்தில் இலவசப் பயணம் தொடங்கியது. டெல்லி 2019-இலும் தமிழ்நாடு 2021-இலும் செய்ததைக் கர்நாடகம் செய்தது. கண்டக்டர் பூஜ்ய ரூபாய் டிக்கெட் கிழித்துத் தருவார். 2025 ஜூலையில் அப்படிக் கொடுத்த டிக்கெட்டுகள் மாநிலம் முழுக்க 500 கோடியைத் தாண்டின. வீட்டு வேலைப் பெண்ணுக்கு இதன் பலன் சம்பளத்தில் மிச்சமாகும் பணத்தோடு நிற்கவில்லை. முன்பு நேரடிப் பஸ்ஸுக்காகக் காத்து நின்றவர், இப்போது எந்தப் பஸ் முதலில் வருகிறதோ அதில் ஏறி நடுவில் மாறிக்கொள்கிறார். மாறுவதற்கு இரண்டாவது டிக்கெட் காசு இல்லை. சம்பளம் கூடத் தரும் தூரத்து வீட்டை ஒப்புக்கொள்ளவும் துணிகிறார். கட்டணம் இல்லாமல் போனதால் வேலை தேடும் வட்டம் விரிந்தது. பெங்களூரு வரலாற்றில் ஆயாவின் வழியை மிக அதிகமாக எளிதாக்கிய அரசு முடிவு என்று இதைச் சொன்னால் மிகையில்லை.

ஆனால் சக்திப் பயணத்துக்குக் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். ஆம்பூரிலிருந்தோ ஆந்திரத்தின் குப்பத்திலிருந்தோ வந்து, வாடகைக் கொட்டகையில் இருந்துகொண்டு, ஊர் முகவரி ஆதாரை வைத்திருக்கும் பெண் முழுக் கட்டணம் கொடுக்கிறார். ஓசூரில் குடியிருந்து அத்திபெலே தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் வேலைக்கு வருபவருக்குத் தமிழ்நாட்டின் விடியல் பயணமும் எல்லையோடு சரி, கர்நாடகத்தின் சக்தியும் கிடையாது. இரண்டு இலவசத்துக்கும் நடுவே அவர் காசு கொடுத்துப் போகிறார். குளிர்சாதனப் பேருந்திலும் மெட்ரோவிலும் சக்தி செல்லாது.

கோலார் தங்கவயலிலிருந்து வருபவர்களின் வழியைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கத்தை நடத்தத் தொடங்கியபோது வட ஆற்காடு, சேலம் பகுதித் தமிழர்கள், பெரும்பாலும் தலித்துகள், அங்கே குடியேறினார்கள். அந்தச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. நகரியம் இருந்தது, வேலை இல்லை. சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி பெங்களூரு. நடுவில் வெள்ளைக்காரன் போட்ட ரயில் பாதை. தங்கவயலின் மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் கிளம்பும் வண்டியில் சீசன் டிக்கெட்டோடு பல்லாயிரம் பேர் தினமும் ஏறத் தொடங்கினார்கள். சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் என்று சுரங்கப் பெயர்களே நிலையப் பெயர்கள். பங்காருப்பேட்டை வருவதற்குள் உட்கார இடம் இராது. கட்டட வேலை, காவல், துப்புரவு, மருத்துவமனை உதவி, வீட்டு வேலை என்று இறங்குமிடமெல்லாம் பிரிந்து போவார்கள். சுரங்கம் ஓடிய காலத்தில் ஷிப்டு முடிந்தால் சங்கு ஊதும். லைன் வீட்டுக்கு நடந்தே போய்விடலாம். அந்த வீட்டின் மகளும் பேத்தியும் ஒரு நாளில் 200 கிலோமீட்டர் போய் வருகிறார்கள். காலை நாலரைக்கு எழுந்து இரவு ஒன்பதுக்குத் திரும்பும் தாய்க்குத் தன் பிள்ளையை விழித்த கண்ணோடு பார்க்க ஞாயிற்றுக்கிழமைதான்.

2023-இல் மெட்ரோ அவர்களுக்கு ஒரு உதவி செய்தது. 2011 அக்டோபர் 20-இல் பையப்பனஹள்ளிக்கும் எம்.ஜி. சாலைக்கும் நடுவே ஓடத் தொடங்கிய ரயில், 2023 அக்டோபரில் ஒயிட்ஃபீல்டு காடுகோடி வரை இடைவெளியின்றி இணைந்தது. காடுகோடியில் மெட்ரோவும் பங்காருப்பேட்டை ரயிலும் அடுத்தடுத்து நிற்கின்றன. இந்திராநகர் போக இனி நடு நகரத்தைச் சுற்ற வேண்டாம். ஆனால் 2025 பிப்ரவரியில் மெட்ரோ கட்டணம் கடுமையாக ஏறி, உச்சக் கட்டணம் 90 ரூபாய் ஆனது. சீசன் டிக்கெட்டில் மிச்சம் பிடித்தவருக்கு அது தாங்காது. நடைமேடையில் இறங்கிய பெண்களில் பலர் மெட்ரோ படிக்கட்டைத் தாண்டி, பஸ் நிறுத்தத்துக்கே நடக்கிறார்கள்.

பஸ் ஓடாத நாட்களும் இந்த வரலாற்றில் சேரும். 1991 டிசம்பரில் காவிரி இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வெளியானதையொட்டி நடந்த கலவரத்தில் தமிழர் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. பலர் ஊரைவிட்டே ஓடினார்கள். அதே காவிரிப் பிரச்சினையில் 2016 செப்டம்பர் 12-இல் பேருந்துகள் எரிந்து ஊரடங்கு வந்தது. அந்த நாட்களில் வேலைக்குப் போன தமிழ்ப் பெண்கள் வழியில் வாய் திறந்து பேசவே அஞ்சினார்கள். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது பல அடுக்குமாடிகள் வேலையாட்களுக்கு வாசலை மூடின. பெரும்பாலோருக்கு ஏப்ரல் சம்பளம் வரவில்லை என்று பெங்களூரின் வீட்டுத் தொழிலாளர் சங்கங்கள் எடுத்த கணக்கு காட்டியது. மே 19-இல் பேருந்து மறுபடி ஓடியபோது முதலில் பாஸ் மட்டுமே. ஒரு நாள் பாஸ் 70 ரூபாய். ஒரே ஒரு வீட்டுக்குப் போய் வர வேண்டியவரும் அந்த எழுபதைக் கொடுத்தார். 2021 ஏப்ரலில் போக்குவரத்து ஊழியர்கள் இரண்டு வாரம் வேலைநிறுத்தம் செய்தபோது மறுபடி நடை, ஷேர் ஆட்டோ, அல்லது சம்பளப் பிடித்தம்.

ஆயாவின் சொந்தக் குழந்தை எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கும் வழிதான் பதில் சொல்கிறது. அங்கன்வாடி திறப்பது காலை ஒன்பதரை, பத்துக்கு. மாலை நாலு மணிக்கு மூடிவிடும். ஆறரைக்குக் கிளம்பி எட்டரைக்குத் திரும்பும் தாய்க்கு முன்னும் பின்னும் பல மணி நேரம் இடைவெளி. அந்த இடைவெளியைப் பாட்டி நிரப்புகிறார். பாட்டி இல்லாத வீட்டில் பத்து வயது மூத்த மகள், பள்ளிக்கு நேரம் கழித்துப் போய் நிரப்புகிறாள். வேலை வீடு நடக்கும் தூரத்தில் இருந்த காலத்தில் மதியச் சோற்றுக்குத் தாய் வந்துவிடுவார். இன்று அந்த மகளிடம் கேஸ் அடுப்பைப் பற்றவைக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் தாய் படி இறங்குகிறார்.

சட்டத்தில் ஆயாவின் இந்த வழிக்கு இன்றுவரை இடமில்லை. தொழிலாளர் அரசு காப்பீட்டு (இ.எஸ்.ஐ.) சட்டத்தில் 2010-இல் ஒரு திருத்தம் வந்தது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நேரும் விபத்தை, வேலையோடு அதற்குத் தொடர்பு இருந்தால், வேலையில் நேர்ந்த காயமாகவே கருத வேண்டும் என்றது அது. தையல் ஆலைக்குப் போகும் பெண் பஸ் படியில் தவறி விழுந்தால் அந்தக் காப்பீடு கைகொடுக்கும். ஆனால் இ.எஸ்.ஐ. திட்டம் பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனங்களுக்கானது. ஒரு குழந்தையும் ஒரு ஆயாவும் உள்ள வீடு அதில் சேராது. அதே பஸ்ஸின் அதே படியில் ஆயா தவறி விழுந்தால், மருத்துவச் செலவும் வராத நாட்களின் சம்பளமும் அவர் தலையில்தான்.